கூட்டாகத் தொகுக்கும் பன்மொழி அகராதி: தரம் குலையாமல் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இணையத்தில் எல்லோரும் கைவைக்கக்கூடிய அகராதி ஒன்றைத் தொடங்குவது எளிது. சில ஆண்டுகள் கழித்தும் அதை நம்பிப் புரட்டும்படி வைத்திருப்பதுதான் பெரும்பாடு. வேண்டுமென்றே கெடுக்க வருகிறவர்களால் விளையும் சேதம் குறைவு. கண்டதையும் கிறுக்கிவிட்டுப் போகிறவரை அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் யாராவது பிடித்துவிடுவார்கள். உண்மையான சேதம் நல்லெண்ணத்தோடு வருகிறது. காலியான கட்டத்தைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கும். தமக்குத் தெரியாத மொழிக்கும் ஏதோ ஒரு சொல்லைத் தேடிப் போட்டு நிரப்பிவிடுவார்கள். தவறாக நிரம்பிய கட்டமும் சரியாக நிரம்பியதைப் போலவே தோன்றுவதால் அது நெடுங்காலம் யார் கண்ணிலும் படாது.

ஆகவே இங்கே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே பிடிவாதம்தான் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் சான்று வேண்டும். சான்று கிடைக்கும் வரை கட்டம் காலியாகவே இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் நெல்லைச் சீமையிலிருந்து வருகின்றன. பழைய திருநெல்வேலி மாவட்டம் முழுவதையும் அப்படிச் சொல்கிறேன். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின என்றாலும், பேச்சு வழக்கைத் தொகுக்கிறவருக்கு அந்தப் பழைய எல்லையே வசதி.

படி 1: எந்த மொழிகள் என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்

பன்மொழி அகராதி என்றதும் உலகத்து மொழிகள் அத்தனைக்கும் கட்டம் திறந்துவைக்கத் தோன்றும். வேண்டாம். எழுதுகிறவர் ஒருவர், அதைப் படித்துச் சரிபார்க்கிறவர் இன்னொருவர் என்று இரண்டு பேராவது இருக்கும் மொழிகளை மட்டும் திறவுங்கள்.

நெல்லைச் சீமையிலேயே வேலைக்குப் பஞ்சமில்லை. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மலையாளச் சொற்கள் அங்கே அன்றாடப் புழக்கம். வீரவநல்லூரில் சௌராட்டிர நெசவாளர்கள் இருக்கிறார்கள். பாபநாசம் மலையில் காணிக்காரர்களின் பேச்சு இருக்கிறது. காயல்பட்டினத்தில் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் மரபு இருக்கிறது.

இவற்றை அகராதியில் எப்படி வகைப்படுத்துவது என்பதை விதிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அரபுத்தமிழ் தனி மொழியாகாது. தமிழுக்கான இன்னொரு எழுத்துமுறை. அதற்குத் தமிழ் என்ற மொழிக்குறியும் அரபு என்ற எழுத்துக்குறியும் தர வேண்டும். கரிசல் தெலுங்கும் தெலுங்குதான். அதற்கு வட்டாரக் குறி ஒன்று போதும். இதை முன்பே முடிவுசெய்யாவிட்டால் ஒரே சொல்லை ஒருவர் தெலுங்கின் கீழும் இன்னொருவர் தமிழின் கீழும் பதிவார்கள். பின்னால் இரண்டையும் சேர்ப்பது எளிதல்ல.

கரிசல் தெலுங்கில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பேசுகிறவர்களில் பலருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. தமிழ் எழுத்தில்தான் எழுதித் தருவார்கள். தமிழில் k, g ஒலிகளுக்கு ஒரே ‘க’, p, b ஒலிகளுக்கு ஒரே ‘ப’ என்பதால் ஒலி தொலைந்துவிடும். ஆகவே அத்தகைய பதிவுகளில் ஒலிப்பதிவைக் கட்டாயமாக்குங்கள். லிங்குவா லிப்ரே போன்ற கட்டற்ற கருவியில் சொல் பட்டியலை ஏற்றிவிட்டால் ஒரே அமர்வில் நிறையச் சொற்களைப் பதிந்துவிடலாம்.

படி 2: தலைச்சொல்லைச் சீராக்குங்கள்

தலைச்சொல் என்பது பதிவின் தலைப்பாக நிற்கும் சொல். பெயர்ச்சொல் என்றால் ஒருமை, வேற்றுமை உருபு இல்லாத வடிவம். வினைக்கு ‘செய்’ என்று வைப்பதா, ‘செய்தல்’ என்று வைப்பதா? எது என்றாலும் சரிதான். ஆனால் ஒன்றை முடிவுசெய்து, மற்றதைத் தேடுகிறவரையும் அங்கேயே கொண்டுசேர்க்கும் வழிமாற்றாக்குங்கள்.

பேச்சு வழக்குச் சொற்களில்தான் கவனம் தேவை. ‘வெஞ்சனம்’ என்று ஒருவர் பதிந்தால், மறுநாள் இன்னொருவர் வந்து அதை ‘வியஞ்சனம்’ என்று திருத்திவிட்டுப் போவார். அவர் நினைப்பில் அது சேவை. ஆனால் தென்மாவட்டத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எதைக் கேட்கிறார்களோ அதன் பெயர் வெஞ்சனம்தான். பேசப்படும் வடிவமே தலைச்சொல். எழுத்து வடிவத்தை ‘தொடர்புடைய வடிவம்’ என்று கீழே இணையுங்கள். ‘நொங்கு’ போல ஒலி மட்டும் மாறிப் பொருள் மாறாத சொற்களை ‘நுங்கு’ பக்கத்திலேயே வேற்றுவடிவமாகக் காட்டினால் போதும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத குப்பை. பார்வைக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள்தான் தமிழ் அகராதிகளில் இரட்டைப் பதிவுகள் பெருகுவதற்குப் பெரிய காரணம். ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு இயல்பாக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். விக்கி மென்பொருளான மீடியாவிக்கி சேமிக்கும்போதே இதைச் செய்துவிடுகிறது. நீங்கள் தனியே வைத்திருக்கும் விரிதாள் செய்யாது.

இயல்பாக்கத்துக்குச் சிக்காத வகைதான் தொல்லை. ஔகார உயிர்க்குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் தட்டி எழுதுகிறவர்கள் மிகப் பலர், ‘ஔவை’யை ‘ஒளவை’ என்று தட்டுவதும் அப்படியே. திரையில் வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. உடனே ஒரு தானியங்கியை (தானாகவே பக்கங்களைத் திருத்தும் நிரலை) ஏவி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ‘ஒளி’யும் ‘கெளிறு’ம் ‘தெளிவு’ம் அதில் சிதைந்துபோகும். ‘ள’வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று விதி எழுதிக்கொண்டு, மிஞ்சுகிறவற்றை ஆள் ஒருவர் பார்த்து மாற்ற வேண்டும்.

இதே வரிசையில் இன்னும் சில: தமிழ் எண் ௭ ‘எ’ போலவும், ௧ ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும் தோன்றுவதால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எண் வந்து உட்கார்ந்திருக்கும். ‘ஸ்ரீ’யை ‘ஸ’ வைத்தும் எழுதுகிறார்கள். 2005இல் யூனிகோட்டில் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் எழுதுகிறார்கள். வேறு தளங்களிலிருந்து வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறிகள் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வரும். இவற்றைத் தேடும் சிறு நிரலை எழுதி மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். சேமிக்கும் இடத்திலேயே எச்சரிக்கை வரும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மடையில் அடைக்காத குப்பையை வயலில் இறங்கித்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.

படி 3: மொழிபெயர்க்கும் முன் பொருளைப் பிரியுங்கள்

ஓர் அகராதியின் தரம் இந்தப் படியில்தான் முடிவாகிறது. ‘குளம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கூட்டு அகராதிகளில் ‘குளம்: நீர்நிலை’ என்று ஒரு வரி இருக்கும், கீழே நாலைந்து மொழிகளில் ஒவ்வொரு சொல். தவறு என்று சொல்ல முடியாது. பயன் உண்டா என்றால் அதுவும் இல்லை.

திருநெல்வேலியில் குளம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாசனக் குளம். டவுனை ஒட்டிய நயினார்குளம் நெல்லைக் கால்வாயில் நீர் பெற்று வயல்களுக்குப் பாய்ச்சும் குளம். இதையே மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்பார்கள். வட மாவட்டங்களில் ஏரி என்பார்கள். அங்கெல்லாம் குளம் என்றால் கோயிலை ஒட்டியோ ஊர் நடுவிலோ இருக்கும் குளிக்கிற குளம். அந்தப் பொருளும் நெல்லையில் உண்டு. தெப்பக்குளம் என்று அடைமொழி சேர்த்துச் சொல்வது வழக்கம். எனவே பதிவு இப்படி அமைய வேண்டும்:

பொருள் 1. நீராடவும் கோயில் வழிபாட்டுக்கும் பயன்படும் நீர்நிலை. வழக்கு: பொது.

பொருள் 2. கரை கட்டி மழைநீரையோ கால்வாய் நீரையோ தேக்கி, மடை வழியே வயலுக்குப் பாய்ச்சும் நீர்நிலை. வழக்கு: திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி. ஒப்புநோக்குக: கண்மாய், ஏரி. தொடர்புடைய சொற்கள்: மடை, மறுகால், குளத்தங்கரை.

இப்போது தெலுங்குக்காரர் வந்தால் பொருள் 2க்கு நேராகச் ‘செருவு’ என்று தயங்காமல் எழுதலாம். மலையாளத்தில் ‘குளம்’ என்ற சொல் இருக்கிறதே என்று யாரும் அதை இரண்டாவது பொருளில் கண்ணை மூடிக்கொண்டு போட மாட்டார்கள். முதல் பொருளுக்கு நேராக மட்டும் எழுதுவார்கள். பொருள் பிரிந்திருந்தால் பங்களிப்பாளர் தாமாகவே நின்று யோசிப்பார். இந்தக் காரணத்துக்காகவே நான் எந்தக் குழுவிலும் முதல் விதியாகச் சொல்வது: பொருள் எண் இல்லாமல் மொழிபெயர்ப்பு ஏறக்கூடாது. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புத் தரவுத்தளமான விக்கித்தரவு 2018இல் சொற்களுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியபோது சொல், அதன் வடிவங்கள், அதன் பொருள்கள் என்று மூன்றையும் பிரித்து வைத்ததும் இந்தத் தேவைக்காகத்தான். உங்கள் அகராதிக்குப் புதிதாகத் தரவுத்தளம் அமைப்பதானால் அந்த அமைப்பைப் பின்பற்றுங்கள்.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்று கேட்பார்கள். வேறொரு மொழியிலோ வேறொரு வட்டாரத்திலோ அதற்கு வேறு சொல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிரியுங்கள். வராவிட்டால் ஒரே பொருளின் கீழ் எடுத்துக்காட்டு வாக்கியமாக வைத்தால் போதும்.

படி 4: ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதீர்கள்

தமிழிலிருந்து தெலுங்குக்குப் போக நேர்வழி இருக்கும்போது பலரும் ஆங்கிலம் வழியாகச் சுற்றுகிறார்கள். தமிழ்-ஆங்கிலப் பட்டியல் ஒன்று, ஆங்கில-தெலுங்குப் பட்டியல் ஒன்று, இரண்டையும் கணினியில் கோத்தால் தமிழ்-தெலுங்கு அகராதி தயார் என்பது கணக்கு. நெல், அரிசி, சோறு என்று தமிழில் மூன்று. மலையாளத்தில் நெல்லு, அரி, சோறு என்று மூன்று. தெலுங்கில் வட்லு, பிய்யம், அன்னம் என்று மூன்று. ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சில் மூன்றுக்கும் ‘ரைஸ்’தான். அந்த ஒற்றைச் சொல்லின் வழியே போய்த் திரும்பினால், தமிழ் ‘நெல்’லுக்கு நேராகத் தெலுங்கு ‘அன்னம்’ வந்து நிற்கும். அண்ணன், தம்பி உறவுமுறைகளுக்கும் இதே கதிதான்; மூன்று மொழிகளும் மூத்தவன், இளையவன் என்று பிரிக்க, நடுவில் நிற்கும் ‘பிரதர்’ இரண்டையும் கலந்துவிடும். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் ‘காக்கா’ இந்த வழியில் போனால் எங்கே போய்ச் சேரும் என்று நினைத்துப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கிறது.

உருவம் ஒன்று, பொருள் வேறு என்று இருக்கும் சொற்களுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் ‘வெள்ளம்’ குடிக்கிற தண்ணீர், ‘பட்டி’ நாய், ‘சம்சாரம்’ பேச்சு. தமிழில் சம்சாரம் குடும்பம் அல்லது மனைவி. கரிசல் காட்டுக்கு வந்தால் ‘சம்சாரி’ என்பவர் விவசாயி. இந்தப் பட்டியலில் உள்ள சொல் எந்தப் பதிவில் மொழிபெயர்ப்பாக ஏறினாலும் சரிபார்ப்பவருக்குத் தானாக அறிவிப்புப் போகும்படி அமையுங்கள்.

முழுதாகப் பொருந்தாத சொற்களும் உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு நெற்பருவங்கள். பிசானத்தைத் தஞ்சைப் பக்கத்துச் சம்பாவோடு சமன் என்று யாராவது எழுதிவிடுவார்கள். காலம் ஓரளவு ஒட்டிப்போகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதற்காக ‘இணை’, ‘ஏறத்தாழ இணை’, ‘விளக்கம் மட்டும்’ என்று மூன்று நிலைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிசானத்துக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. விளக்கம் எழுதினால் போதும்.

படி 5: சான்றைச் சேருங்கள்

சான்று மூன்று வகை: அச்சில் வந்த பயன்பாடு, நேரில் கேட்ட பேச்சு, பழைய அகராதி. மூன்றாவதை மட்டும் வைத்து ஒரு பொருளை ஏற்றாதீர்கள். அகராதியைப் பார்த்து எழுதிய அகராதிகள் நம்மிடம் நிறைய உண்டு. அதைவிட மோசம், உங்கள் தளத்திலிருந்து இன்னொரு தளம் எடுத்துப் போட்டதையே நீங்கள் சான்றாகக் காட்டுவது. இணையதளத்தைச் சான்றாகத் தந்தால், அதில் இருக்கும் தேதி உங்கள் பதிவின் தேதிக்கு முந்தியதா என்று பாருங்கள்.

வட்டார வழக்கைக் குறித்து வைப்பதில் நமக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, திருநெல்வேலி வழக்கு என்பதற்கென்றே தனிக் குறுக்கக் குறி வைத்திருந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை நெல்லைச் சீமைக்காரர். பிற்காலத்தில் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். இவற்றில் உள்ள குறிகளை உங்கள் பதிவிலும் அப்படியே காட்டுங்கள். ‘பொது வழக்கு’ என்று மாற்றி எழுதுவது தகவலை அழிப்பதற்குச் சமம்.

உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. அதற்கு உட்பட்ட அகராதிகளைப் படிக்கலாம், சொல் புழக்கத்தில் இருப்பதற்குச் சான்றாகக் காட்டலாம். விளக்கத்தை வரி வரியாக எடுத்துப் போடக்கூடாது.

நேரில் கேட்கும் முறைக்கு வருவோம். உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் குடிசை ஒன்றைப் பார்க்கிறீர்கள். “அண்ணாச்சி, இதை விடிலி என்றுதானே சொல்வீர்கள்?” என்று கேட்டால், அவர் ஆமாம் என்பார். வெளியூரிலிருந்து வந்தவரை மறுத்துப் பேசக்கூடாது என்ற மரியாதையில் வரும் ஆமாம் அது; சான்றாகாது. பொருளைச் சுட்டிக்காட்டி “இதற்குப் பெயர் என்ன?” என்று கேளுங்கள். பிறகு “இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள், எப்போது பிரிப்பீர்கள்?” என்று பேச்சை வளருங்கள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வரும் வாக்கியம்தான் உங்கள் எடுத்துக்காட்டு. கடற்கரையில் காற்றின் பெயர்களைக் கேட்கும்போது இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று பெயர்களைப் பட்டியலாகப் படித்துக் காட்டாமல், திசையைக் கைகாட்டிக் கேளுங்கள். எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

பதிவில் தகவலாளியின் பெயர் வேண்டாம். ஊர், தொழில், தோராயமான வயது, கேட்ட ஆண்டு ஆகியவை போதும். குரலைப் பதிவதானால் அது இணையத்தில் எல்லோருக்கும் கேட்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

படி 6: மொத்தப் பதிவேற்றத்துக்குக் கடிவாளம் போடுங்கள்

தானியங்கி வைத்து ஆயிரக்கணக்கில் ஏற்றினால் அகராதியின் எண்ணிக்கை ஒரே இரவில் உயரும். தரம் அதைவிட வேகமாக இறங்கும். மூன்று நிபந்தனைகள் போதும். முதலில் ஐம்பது சொற்களை மட்டும் ஏற்றி, ஒரு வாரம் எல்லோரும் பார்க்கட்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் பகுப்பு இருக்கட்டும். தவறு என்றால் அந்தத் தொகுதியை மட்டும் திரும்பப் பெறலாம். ஏற்கெனவே ஆள் எழுதிய பதிவின் மேல் தானியங்கி எழுதக்கூடாது.

பழைய நூல்களை வருடி, படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி வழியாக எடுத்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் கவனம் வையுங்கள். பழைய ‘ணை’, ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களை எழுத்துணரி கன்னாபின்னாவென்று வாசிக்கும். இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து வந்த தொகுதி என்றால், என் தீர்ப்பு: ஏற்றவே வேண்டாம். யாருக்கு வேண்டுமோ அவர் அந்தக் கருவியிடமே நேராகக் கேட்டுக்கொள்ளட்டும்.

படி 7: சரிபார்ப்பை வழக்கமாக்குங்கள்

எல்லாப் பதிவையும் யாராலும் பார்க்க முடியாது. மாதம் ஒருமுறை குலுக்கல் முறையில் நூறு பதிவுகளை எடுத்து, இருவர் தனித்தனியே பார்த்து, தலைச்சொல், பொருள், மொழிபெயர்ப்பு, சான்று ஆகிய நான்குக்கும் சரி, தவறு, ஐயம் என்று குறிக்கட்டும். பிறகுதான் இருவரும் ஒப்பிட வேண்டும். இருவர் தீர்ப்பும் அடிக்கடி மாறுபடுகிறது என்றால் பிழை பதிவுகளில் இல்லை, உங்கள் விதிப் பக்கத்தில் இருக்கிறது; அதைத் திருத்துங்கள்.

நூறில் ஒரு தவறுகூட வராவிட்டால் மகிழலாம். ஆனால் அளவாக மகிழுங்கள். புள்ளியியலில் ஒரு சுருக்க விதி உண்டு: மாதிரியில் பிழையே தென்படாவிட்டாலும், மொத்தத்தில் பிழை விகிதம் மூன்றை மாதிரி எண்ணிக்கையால் வகுத்த அளவு வரை இருக்கக்கூடும். நூறு பார்த்தால் 3 சதவீதம் வரை. இருபதாயிரம் பதிவுகள் கொண்ட அகராதியில் அது 600 தவறுகள். தானியங்கித் தொகுதிகளுக்கும் புதியவர்களின் பதிவுகளுக்கும் தனித்தனி மாதிரி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எடுத்தால் மோசமான தொகுதி நல்லவற்றுக்கு இடையில் மறைந்துகொள்ளும்.

படி 8: தகராறுக்கு ஒரு வழி வையுங்கள்

சொற்பிறப்பைப் பற்றித்தான் அதிகச் சண்டை வரும். ஒரு சொல் தமிழா, வடமொழியா என்று தொடங்கினால் ஒருவர் தொகுப்பதும் இன்னொருவர் அதை மீளமைத்துப் பழைய வடிவுக்குத் திருப்புவதுமாக விடிய விடிய நடக்கும். சொற்பிறப்புக் கட்டத்தில் மேற்கோள் இல்லாத எதுவும் நிற்காது என்று விதி வைத்துவிடுங்கள். இரு தரப்புக்கும் அச்சில் ஆதாரம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். அகராதி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

வசைச்சொற்களையும் இழிவுச்சொற்களையும் அழிக்காதீர்கள், குறி போடுங்கள். நெல்லையில் ‘சவம்’ வசை, நெருங்கியவர்களிடையே செல்லமும்கூட. ‘ஏலே’ என்ற விளி இளையவரிடமும் ஒத்த வயதினரிடமும் செல்லும், மூத்தவரிடம் செல்லாது. இதை எழுதாமல் ‘விளிச்சொல்’ என்று மட்டும் போட்டால், அகராதியைப் பார்த்துப் பேசப் பழகும் வெளியூர்க்காரர் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

புதியவர் தவறாக எழுதினால் மீளமைத்துவிட்டு நகராமல், உரையாடல் பக்கத்தில் காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும்தான் இந்த வேலைக்குப் பெரும்பாலும் வருகிறார்கள். காரணம் தெரியாமல் தம் எழுத்து அழிந்தால் இரு சாராரும் மறுமுறை வருவதில்லை.

படி 9: பதிப்பெண் போட்டு வெளியிடுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தரவையும் ஒரு பதிப்பெண்ணோடு இறக்கிக்கொள்ளத் தாருங்கள். எழுத்துப்பிழை திருத்தி செய்கிறவர்களும் விசைப்பலகை செயலி செய்கிறவர்களும் அதைத்தான் எடுப்பார்கள். பிழை இருப்பதாக அவர்கள் எழுதும்போது எந்தப் பதிப்பில் என்று சொன்னால்தான், அது ஏற்கெனவே திருத்தப்பட்டதா என்று உங்களால் பார்க்க முடியும். கூடவே மாற்றப் பட்டியல் ஒன்றை இணையுங்கள்: சேர்ந்த சொற்கள், நீங்கிய சொற்கள், பொருள் எண் மாறிய சொற்கள். கடைசி வகையை விட்டுவிடாதீர்கள். ‘குளம்’ என்பதன் இரண்டாவது பொருளை ஒரு செயலி எண்ணை வைத்து இணைத்திருக்கும். நீங்கள் நடுவில் புதுப் பொருள் ஒன்றைச் செருகினால் அந்த இணைப்பு வேறெங்கோ போய் நிற்கும். புதுப் பொருளை எப்போதும் கடைசி எண்ணாகச் சேருங்கள்; நீக்கிய பொருளின் எண்ணை மீண்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.